புலி வந்தால் சிறுத்தை எங்கே போகும்?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் புலிகள் கணக்கெடுப்பு பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புலியைப் பற்றி இல்லை. சிறுத்தை என்ன ஆகும், செந்நாய் என்ன ஆகும், நரிக்கு என்ன கதி என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் செய்தித்தாள்கள் லெப்பர்டையும் சிறுத்தை என்று எழுதும், சீட்டாவையும் சிறுத்தை என்று எழுதும். இங்கே சிறுத்தை என்றால் லெப்பர்ட், நம் மலைகளில் இருப்பது. சீட்டாவுக்கு சிவிங்கிப்புலி.

*எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் கூடிவிட்டது. முதுமலையில் புலி பெருகி சிறுத்தையை வெளியே தள்ளிவிட்டது என்று டீக்கடையில் ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?*
– ஒரு வாசகர், கூடலூர்

உங்கள் நண்பர் சொல்வது நிஜமாகவே ஒரு காட்டில் நடந்தது. ஆனால் அந்தக் காடு முதுமலை இல்லை, உத்தராகண்டில் இருக்கும் ராஜாஜி.

ஹரித்வாரை ஒட்டி, கங்கையின் கிழக்குக் கரையில் சில்லா என்று ஒரு சரகம். அங்கே எருமை மேய்க்கும் குஜ்ஜர் குடும்பங்கள் காட்டுக்குள்ளேயே வாழ்ந்துவந்தன. அவர்களை வெளியே குடியமர்த்திய பிறகு காடு மாறியது, கூடவே புலியும் ஏறியது. 2004-05இல் தொடங்கி 2007-08 வரை கேமரா வைத்து எண்ணினார்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு 3.31 என்றிருந்த புலி 5.81 ஆனது. அதே காலத்தில் சிறுத்தை 9.76இலிருந்து 2.07க்கு விழுந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இந்த எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது எச்சம். சிறுத்தை போட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கிவந்து, அலசி, காயவைத்து, அதில் செரிக்காமல் தங்கிய முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து இது மானுடையது, இது ஆட்டுடையது என்று பிரிப்பார்கள். பொறுமையான வேலை, யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். அப்படிப் பார்த்ததில் சிறுத்தையின் உணவில் கால்நடையின் பங்கு 6.8 சதவீதத்திலிருந்து 31.8க்கு ஏறியிருந்தது. சின்னச் சின்ன இரைகளின் பங்கு 9இலிருந்து 36. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சிறுத்தையும் புல்லைத் தின்னவில்லைதான், ஆனால் காட்டு நடுவில் மான் பிடித்துக்கொண்டிருந்தது, காட்டோரத்துக்கு வந்து கிடைத்ததைத் தின்று வயிற்றைக் கழுவும் நிலைமைக்கு இறங்கிவிட்டது. அதே கங்கைக் கரை, அதே காடு, மூன்று நான்கு வருஷம்தான்.

சரி, இதைத் தூக்கிக்கொண்டுவந்து கூடலூரில் ஒட்டலாமா? நான் ஒட்டமாட்டேன். 2018இல் தமிழ்நாட்டில் 264 புலி, 868 சிறுத்தை என்று மதிப்பிட்டார்கள். 2022இல் 306 புலி, 1,070 சிறுத்தை. இரண்டுமே ஏறியிருக்கின்றன. மாநிலக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சரகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அது வேறு விஷயம். ஆனால் புலி கூடினால் சிறுத்தை குறையும் என்பது எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் வாய்ப்பாடு இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. இன்னொன்று, தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை இருக்க புலி வந்து துரத்தவேண்டிய அவசியமே இல்லை. பகலில் படுக்கப் புதர், ராத்திரிக்கு நாய், கோழி, கன்றுக்குட்டி, நடுநடுவே சோலை. வால்பாறையில் இது ரொம்ப காலத்துக் கதை. நண்பரிடம் "எந்த வருஷத்துக் கணக்கு, எந்தச் சரகம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

*புலி சிறுத்தையைக் கொன்றால் தின்னுமா?*
– ஒரு மாணவி, சேலம்

கொல்லும். பெரும்பாலும் தின்னாது, போட்டுவிட்டுப் போய்விடும். சில சமயம் கொஞ்சம் தின்னவும் செய்யும். பசிக்காகக் கொல்வதில்லை என்பதால்தான் இது மற்ற வேட்டையிலிருந்து வேறுபடுகிறது. ஒரே தெருவில் இரண்டு இட்லிக் கடை இருந்தால் பெரிய கடைக்காரருக்கு வரும் எரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல்லும் நகமும் சேர்த்து. குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வளர்ந்த சிறுத்தை மரம் ஏறிவிடும். அடித்த மானைக் கிளைக்கு இழுத்துக்கொண்டு போவதும் அதற்குத்தான், கீழே விட்டால் கையில் தங்காது.

*ஆப்பிரிக்காவில் சிங்கமும் சிவிங்கிப்புலியும் ஒரே புல்வெளியில் இருக்கின்றனவே, எப்படி?*
– ஒரு வாசகர், திண்டுக்கல்

இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை பாதியில் திரும்பிக்கொண்ட கதை.

தான்சானியாவின் செரங்கெட்டி. 1980களின் கடைசியில் அங்கே தாய்ச் சிவிங்கிப்புலிகளுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். தாய் உயரமான புல்லுக்குள்ளோ சதுப்பிலோ குட்டிகளை ஒளித்துவைக்கும், சில நாளுக்கொரு முறை பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றும், நடுவில் வேட்டைக்கும் போய்விட்டு வரவேண்டும். வந்து பார்த்தால் குட்டி இருக்காது. அந்த ஆய்வின்படி 100 குட்டி பிறந்தால் சுமார் 95 தாயை விட்டுத் தனியே போகும் வயதை எட்டுவதில்லை. பெரும்பாலானவற்றைக் கொன்றது மற்ற விலங்குகள், அதில் முதலிடம் சிங்கத்துக்கு. இதைப் படித்த எல்லோரும் சிங்கம் இருக்கும் இடத்தில் சிவிங்கிப்புலி தேறாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் பழைய கணக்குகளையும் புதுக் கணக்குகளையும் ஒன்றாக வைத்து 2014இல் ஒரு ஆய்வு வந்தது. 1960களின் நடுவிலிருந்து முப்பது வருஷத்தில் அந்தப் பகுதியில் சிங்கங்கள் மூன்று மடங்காகியிருந்தன. சிவிங்கிப்புலி குறையவே இல்லை! போனது ஆப்பிரிக்கக் காட்டுநாய். 1990களின் தொடக்கத்தில் அந்தச் சமவெளியிலிருந்து காட்டுநாய்கள் மறைந்துவிட்டன, ஆனால் கிழக்கே லோலியோண்டோ பக்கத்து மலைகளில், சிங்கம் குறைவான இடத்தில், அவை இருந்துகொண்டே இருந்தன. அதாவது சிவிங்கிப்புலியின் குட்டியை அத்தனை சாகடித்த சிங்கம் சிவிங்கிப்புலியை ஒழிக்கவில்லை, காட்டுநாயை இடத்தைவிட்டே கிளப்பிவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு வண்டியில் ஸ்பீக்கரை வைத்து, தூரத்தில் படுத்திருக்கும் சிவிங்கிப்புலிக்குச் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டுக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. கழுதைப்புலியின் குரலையும் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்து பார்க்கும், எழுந்திருக்கும், எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும், அன்றைக்கு அந்த இடத்தில் வேட்டைக்கும் அவ்வளவாக முனையாது. பிறகு காடு முழுக்கக் கட்டிய தானியங்கிக் கேமராக்களில் பார்த்தபோது, சிங்கம் போன இடத்தைச் சிவிங்கிப்புலி சில மணி நேரத்துக்குத்தான் தவிர்க்கிறது, அப்புறம் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. நல்ல இடத்தை நிரந்தரமாக விட்டுக்கொடுப்பதில்லை. கடன்காரர் தெருமுனையில் நிற்கும்போது மட்டும் பின்வாசல் வழியாகப் போகிறவர் மாதிரி. காட்டுநாய்க்கு இந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை, அது மொத்தமாக ஒதுங்கிவிடுகிறது.

குட்டிக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். தென்னாப்பிரிக்கா - போட்ஸ்வானா எல்லையில் இருக்கும் கலகாடியிலும் சிங்கம் உண்டு, ஆனால் அங்கே மூன்றில் ஒன்றுக்கு மேல் குட்டிகள் தேறுகின்றன. ஒளிய இடம் இருக்கிறதா, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்பதெல்லாம் சிங்கத்தின் தலை எண்ணிக்கையைவிடக் குறைந்த விஷயமில்லை. செரங்கெட்டியின் 95ஐ மட்டும் மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் ஒப்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சலிப்பு வரும், மன்னிக்கவும்.

*அமெரிக்காவில் ஓநாயைக் கொண்டுவந்து விட்டதும் ஆறே திசை மாறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. நம்பலாமா?*
– ஒரு வாசகி, தாம்பரம்

எனக்கும் வந்தது, குறைந்தது ஆறு பேரிடமிருந்து. ஆற்றுக் கதையில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே தகராறு. நானாக இருந்தால் அதை ஃபார்வர்ட் செய்யமாட்டேன். ஆனால் அந்த வீடியோவில் ஓரமாக வந்துபோகும் இன்னொரு மிருகத்தின் கதை இதைவிடக் கெட்டியானது.

யெல்லோஸ்டோன் பூங்காவில் கடைசி ஓநாய்களை 1926இல் கொன்றார்கள். அதற்கப்புறம் எழுபது வருஷம் அங்கே கொயோட்டிதான் ராஜா. நம் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு அளவு, பத்துப் பதினைந்து கிலோ தேறும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பெரியது போனதும் நடுத்தரங்கள் பெருகி அதிகாரம் செய்வதை ஆய்வாளர்கள் 1988இலிருந்து ஒரு தனிப் பெயர் வைத்தே அழைக்கிறார்கள், நான் இலுப்பைப்பூ விளைவு என்றே சொல்லிக்கொள்கிறேன். 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்துக்குள் பூங்காவின் வடபகுதியில் கொயோட்டி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கீழே இருக்கிறது. தெற்கே கிராண்ட் டீட்டன் பக்கத்தில் பிராங்ஹார்ன் என்று மான் மாதிரி ஒரு மிருகம். அதன் குட்டியைத் தேடித் தேடித் தின்பது கொயோட்டி. ஓநாய் அந்தச் சின்னக் குட்டியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, ஒரு கூட்டத்துக்கு அது கொறிக்கக்கூடக் காணாது. 2008இல் வந்த ஆய்வில், ஓநாய் நடமாடும் இடங்களில் பிராங்ஹார்ன் குட்டிகள் பிழைப்பது மற்ற இடங்களைப்போல நான்கு மடங்கு என்று தெரிந்தது. ஓநாயும் அதே சாதி மானைத் தின்னும் மிருகம்தான், அது வந்ததால் குட்டி பிழைக்கிறது!

கொயோட்டி எப்படிச் சாகிறது என்பதும் பாவம்தான். ஓநாய்க் கூட்டம் எல்க் என்னும் பெரிய மான் ஒன்றை அடித்துத் தின்றுவிட்டு மிச்சம் போட்டுவிட்டுப் போகும். பந்தி முடிந்த மண்டபத்துக்குள் நுழைவதுபோலக் கொயோட்டி மெதுவாக வரும். இலவசச் சாப்பாடு. ஆனால் போனவர்கள் திரும்பி வருவதும் உண்டு. ஓநாயும் கொயோட்டியும் மோதிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சடலங்களின் பக்கத்தில்தான். பெரிய மிருகம் சின்னதற்குச் சோறும் போடுகிறது, அந்தச் சோற்றிலேயே மடக்கவும் செய்கிறது.

*அப்படியானால் சின்ன மிருகங்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாமே? பெரியதுதான் மனிதர்களைக் கண்டால் ஒதுங்குமே?*
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

அப்படித்தான் அவையும் நினைக்கின்றன. வாஷிங்டன் மாகாணத்தின் வடக்கில் ஓநாய், மலைச்சிங்கம் என்னும் பூமா, கொயோட்டி, பாப்கேட் என்னும் காட்டுப்பூனை, நான்குக்கும் காலர் மாட்டிப் பார்த்து 2023இல் எழுதினார்கள். பெரிய இரண்டும் பக்கத்தில் வந்தால் சின்ன இரண்டும் வீடு, ரோடு இருக்கும் பக்கம் நகர்ந்தன. அங்கே போய் மனிதர்கள் கையால் செத்தன. துப்பாக்கி, பொறி இதெல்லாம்தான். பெரிய மிருகங்கள் கொன்றதைவிட மனிதர்கள் கொன்றது மூன்று மடங்குக்கும் மேல்.

சரணாலயத்தின் நடுவில் என்ன நடக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறோம். புலி தள்ளிய சிறுத்தையோ, ஓநாய் தள்ளிய கொயோட்டியோ போய் நிற்கிற இடம் வேலியோரம். கூடலூர் வாசகருக்கும் நான் சொல்ல வருவது இதுதான். புலி கூடிவிட்டது என்று பட்டாசு வெடிக்கும்போதே வெளிவட்டத்தில் இருக்கும் ஆட்டுக்காரருக்கு இரவுப் பட்டி பலமாக இருக்கிறதா, நஷ்டஈடு அலைச்சல் இல்லாமல் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அது நடந்தால் சிறுத்தைக்கு விஷம் வைக்க யாருக்கும் தோன்றாது.

*செந்நாய்க் கூட்டம் புலியையே விரட்டுமாமே?*
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

கூட்டம் பெரிதாக இருந்தால் புலியைச் சுற்றி நின்று பாடாய்ப்படுத்தும், கை நீட்டும் தூரத்தில் மாட்டிக்கொண்டால் புலி ஒரே அறையில் முடித்துவிடும். இந்த மாதிரிச் சண்டைகளைவிட இவை சண்டை போடாமல் எப்படிக் காலம் தள்ளுகின்றன என்பதுதான் சுவாரசியம். கர்நாடகத்து நாகரஹொளேக் காட்டை வைத்து உல்லாஸ் கரந்த், மெல் சன்குவிஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் எழுதிய கணக்கில், புலியின் இரை சராசரியாக 91.5 கிலோ, செந்நாயினுடையது 43.4, சிறுத்தையினுடையது 37.6. புலி காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் போய்விடுகிறது. மற்ற இரண்டும் புள்ளிமான் அளவில் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதிலும் செந்நாய் பகல் ஷிப்ட். மூன்று அளவிலும் இரை தாராளமாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு ஓடும். கடமானும் காட்டுமாடும் குறைந்த காட்டில் புலியும் புள்ளிமானுக்கு இறங்கிவரும், அப்புறம் ஒரே தட்டில் மூன்று கை.

மசினகுடி ரோட்டில் ஒரு காலை நேரம் ஏழு செந்நாய்கள் ஒரு புள்ளிமானைத் தின்பதைப் பார்த்தேன். சண்டை இல்லை, சத்தமில்லை, பந்தியில் உட்கார்ந்த மாதிரி மளமளவென்று. எப்போதும் இரண்டு தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அந்த இரண்டும் குனிந்தால் வேறு இரண்டு நிமிரும். எங்கள் ஜீப்பை ஒன்றுகூடப் பார்க்கவில்லை, பார்வையெல்லாம் பின்னாலிருந்த உன்னிப்புதர் மேல். அரை மணியில் எலும்பும் கொம்பும்தான் மிச்சம். எதற்கு அவ்வளவு அவசரம் என்று டிரைவரிடம் கேட்டேன், "வீட்டுக்காரர் வந்துட்டா?" என்றார்.

*சிறுத்தை வந்த பிறகு எங்கள் எஸ்டேட்டில் தெருநாயே இல்லை. இதுவும் அதே கணக்கில் சேருமா?*
– ஒரு வாசகி, வால்பாறை

சேரும். நாயும் ஊனுண்ணிதானே. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை வைத்து 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது: அங்கே அப்போது இருந்த சுமார் 35 சிறுத்தைகள் வருஷத்துக்கு 1,500 நாய்களைத் தின்கின்றன, அதனால் ஆயிரம் பேர்வரை நாய்க்கடியிலிருந்து தப்பிக்கிறார்கள் என்று. மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கில்லை. உங்கள் வீட்டு நாயை மட்டும் ராத்திரி உள்ளே கட்டுங்கள்.

*பெரிய மிருகத்தைக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் சிவிங்கிப்புலி விட்டார்களே?*
– ஒரு வாசகர், புதுச்சேரி

குனோவில் நிலைமை தலைகீழ். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று வந்து இறங்கிய சிவிங்கிப்புலிதான் அங்கே சின்ன ஆள், ஏற்கெனவே குடியிருக்கும் சிறுத்தை பெரிய ஆள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் சண்டை என்று வந்தால் சிவிங்கிப்புலி நிற்காது, ஓடுவதற்குச் செய்த உடம்பு. அதனால்தான் புதியவர்களைத் திறந்துவிடும் முன் அடைப்புக்குள்ளிருந்த சிறுத்தைகளைப் பிடித்து வெளியே விடவேண்டியிருந்தது.

நல்லது நினைத்துச் செய்தது வேறு எங்கோ போய் முடிந்ததற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு உதாரணம். டாஸ்மேனியன் டெவில் என்று டாஸ்மேனியா தீவில் வாழும், நாய்க்குட்டி அளவு ஊனுண்ணி ஒன்று. அதற்கு 1990களின் நடுவிலிருந்து முகத்தில் தொற்றும் புற்றுநோய். டெவில் குறைந்த இடங்களில் காட்டில் திரியும் பூனைகளுக்குக் கொண்டாட்டம் ஆகிவிட்டது, இலுப்பைப்பூதான். இனத்தைக் காப்பாற்ற நோயில்லாத டெவில்களை 2012இல் பக்கத்திலிருக்கும் மரியா என்ற சின்னத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். டெவில் அமோகமாகப் பெருகியது. அந்தத் தீவில் உருவத்தில் சின்ன வகைப் பெங்குவின்கள் சுமார் 3,000 ஜோடி இருந்தன. பத்து வருஷத்துக்குள் ஒன்றுகூட இல்லை.

*அடுத்த ஜென்மத்தில் சிறுத்தையாகப் பிறக்க ஆசை. எந்தக் காட்டில் பிறக்கலாம்?*
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

உங்கள் நாட்டிலேயே பிறந்துவிடுங்கள். புலி இல்லை, சிங்கம் கொடியில் மட்டும்தான், செந்நாய் இல்லை. யால காட்டில் பட்டப்பகலில் பாறை மேல் கால் நீட்டிப் படுத்திருக்கலாம், அடித்த மானை மரத்தில் ஏற்றும் வேலை பாதி மிச்சம். காட்டுப்பூனையும் நரியும்தான் உங்களைப் பார்த்து ஒதுங்கும்.

மலைநாட்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அதில்தான் கழுத்தைக் கொடுத்தது. மீட்டு, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் இறந்துவிட்டது.